நேர் விகித அட்டவணை: விட்டுப்போன கட்டத்தை நிரப்புவது எப்படி?

எங்கள் தெருவில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி, கணக்கில் எங்காவது மாட்டிக்கொண்டால் நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்துவிடுவாள். போன வாரம் அவள் கொண்டுவந்தது இட்லி மாவுக் கணக்கு. நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து என்ற அளவில் இந்த அட்டவணையை நிரப்ப வேண்டும்:

அரிசி (டம்ளர்): 4, 6, 10, __
உளுந்து (டம்ளர்): 1, __, __, 3

காலிக் கட்டங்களில் பென்சிலால் 3, 7, 6 என்று எழுதியிருந்தாள். எப்படி வந்தது என்று கேட்டேன்.

"4-க்கும் 1-க்கும் 3 வித்தியாசம் அக்கா. அதனால எல்லாத்துலயும் 3 வித்தியாசம் வர்ற மாதிரி போட்டேன்."

தடுமாற்றமே இல்லை. ஒரு விதியைப் பிடித்து மூன்று கட்டத்திலும் அதையே ஒழுங்காகச் செய்திருந்தாள். விதிதான் தப்பு.

"சரி, 10 டம்ளர் அரிசிக்கு 7 டம்ளர் உளுந்து ஊறப்போட்டா உங்கம்மா என்ன சொல்வாங்க?"

"ஐயோ அக்கா, அது இட்லிக்கா வடைக்கான்னு கேப்பாங்க!" என்று சொல்லிவிட்டு அவளே ரப்பரைத் தேட ஆரம்பித்தாள்.

இந்தத் தவறை நான் பல பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். கணக்கு வராத பிள்ளை செய்யும் தவறு என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. அமெரிக்காவின் பெர்க்லியில் இயற்பியல் பேராசிரியராக இருந்து, பிறகு சிறுவர்களுக்கு அறிவியல் கற்பிப்பதில் முழுமூச்சாக இறங்கியவர் ராபர்ட் கார்ப்ளஸ். அவர் 1970 வாக்கில் மாணவர்களிடம் ஒரு சின்னக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தார். படத்தில் ஒரு குட்டையர், ஒரு நெட்டையர். பொத்தான்களை அடுக்கி அளந்தால் குட்டையரின் உயரம் 4 பொத்தான், நெட்டையர் 6 பொத்தான். அதே குட்டையரைப் பேப்பர் கிளிப்பால் அளந்தால் 6 கிளிப் வருகிறது. அப்படியானால் நெட்டையர் எத்தனை கிளிப்? நிறையப் பேர் 8 என்றார்கள். இரண்டு பொத்தான் அதிகம், அதனால் இரண்டு கிளிப் அதிகம் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் ஒரு பொத்தான் என்பது ஒன்றரை கிளிப் நீளம். கூடுதலாக இருக்கும் இரண்டு பொத்தானுக்கு மூன்று கிளிப் வேண்டும். விடை 9.

எங்கள் தெருப் பெண் செய்ததும் அதேதான். சின்ன வயதிலிருந்து கூட்டலும் கழித்தலும்தான் கைக்குப் பழகியவை. இரண்டு எண்ணைப் பார்த்ததும் "எவ்வளவு கூட?" என்று மனது கேட்கிறது. இந்த அட்டவணையில் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை மடங்கு?" என்பது.

நேர் விகிதம் என்றால் என்ன?

இரண்டு அளவுகள் ஒன்றோடொன்று கட்டிப்போட்ட மாதிரி நகர்கின்றன. ஒன்று இரண்டு மடங்கானால் மற்றதும் இரண்டு மடங்காகும். ஒன்று பாதியானால் மற்றதும் பாதி. ஒன்று ஏழு மடங்கானால் மற்றதும் ஏழு மடங்கு. ஒன்று பூஜ்ஜியமானால் மற்றதும் பூஜ்ஜியம். அரிசியே போடவில்லை என்றால் உளுந்தும் வேண்டாம். இப்படி நகரும் இரண்டு அளவுகள் நேர் விகிதத்தில் இருக்கின்றன என்கிறோம்.

புதிய பாடம் என்று பயப்படுகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: நீ ஒரு நேர் விகித அட்டவணையை ஏற்கெனவே மனப்பாடமாக வைத்திருக்கிறாய். நாலாம் வாய்ப்பாடு. ஓர் நாலு நாலு, ஈர் நாலு எட்டு, முந்நாலு பன்னிரண்டு. இடது பக்கம் 1, 2, 3. வலது பக்கம் 4, 8, 12. மேலே இருந்த இட்லி அட்டவணையும் நாலாம் வாய்ப்பாடுதான். உளுந்து இடது பக்கம், அரிசி வலது பக்கம். என்ன, வாய்ப்பாட்டில் நடுவில் இருக்கும் ஒன்றரை, இரண்டரை எல்லாம் அச்சடித்திருக்க மாட்டார்கள். அதைத்தான் அட்டவணை நம்மிடம் கேட்கிறது.

முதலில் "ஒன்றுக்கு எவ்வளவு?"

எல்லா அட்டவணையிலும் இரண்டு பக்கமும் நிரம்பிய ஜோடி ஒன்றாவது இருக்கும். இல்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த ஜோடியிலிருந்து "ஒன்றுக்கு எவ்வளவு" என்பதை எடுக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் இதை ஓரலகு முறை என்பார்கள். நம் அட்டவணையில் அது பார்த்தவுடனே கிடைக்கிறது: ஒரு டம்ளர் உளுந்துக்கு 4 டம்ளர் அரிசி.

இதை வெறும் 4 என்று எழுதாமல் முழு வாக்கியமாக எழுதச் சொல்வேன். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. வெறும் 4 என்று எழுதிய பிள்ளை ஐந்து நிமிடம் கழித்து, பெருக்குவதா வகுப்பதா என்று விழிக்கும். வாக்கியம் இருந்தால் அந்தச் சந்தேகம் வராது. அரிசி எப்போதும் உளுந்தைப் போல 4 மடங்கு. உளுந்து தெரிந்தால் 4-ஆல் பெருக்கு, அரிசி கிடைக்கும். அரிசி தெரிந்தால் 4-ஆல் வகு, உளுந்து கிடைக்கும்.

இனி கட்டங்களுக்கு வருவோம். 6 டம்ளர் அரிசிக்கு 6 ÷ 4 = 1.5. 10 டம்ளருக்கு 10 ÷ 4 = 2.5. கடைசியில் உளுந்துதான் கொடுத்திருக்கிறார்கள், 3 டம்ளர்; அதனால் 3 × 4 = 12.

அரிசி (டம்ளர்): 4, 6, 10, 12
உளுந்து (டம்ளர்): 1, 1.5, 2.5, 3

1.5 என்று வந்ததும் அந்தப் பெண் கையை நிறுத்திவிட்டாள். முழு எண் வரவில்லை, எங்கோ தப்பு என்று நினைத்துவிட்டாள். "ஒன்றரை டம்ளர்னு சொல்லிப் பாரு" என்றேன். அப்புறம் சரியாகிவிட்டது. கால், அரை, முக்கால் எல்லாம் தமிழில் தனித்தனிச் சொற்களாகவே இருக்கின்றன. எட்டில் ஒன்றுக்கு அரைக்கால், பதினாறில் ஒன்றுக்கு மாகாணி என்றுகூட உண்டு. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி படித்த பிள்ளைகள் இந்தப் பின்னங்களுக்கும் வாய்ப்பாடு ஒப்பித்தார்கள். ஒரு படி எட்டு ஆழாக்கு என்பதால் ஆழாக்கை அரைக்கால் படி என்று சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். புள்ளி வைத்த எண்ணைக் கண்டு மிரளும் பிள்ளைக்கு இந்தச் சொற்களைத் திருப்பிக் கொடுத்தாலே பாதிப் பயம் போய்விடும்.

நிரப்பி முடித்த பிறகு ஒவ்வொரு ஜோடியிலும் அரிசியை உளுந்தால் வகுத்துப் பாருங்கள். 4 ÷ 1, 6 ÷ 1.5, 10 ÷ 2.5, 12 ÷ 3. எல்லாமே 4. மாறாமல் நிற்கும் இந்த எண்ணுக்கு விகிதசம மாறிலி என்று பெயர். முதலில் அவள் எழுதிய விடைகளை இப்படிச் சோதித்தால் 6 ÷ 3 = 2 என்று வரும், தப்பு உடனே தெரிந்துவிடும். விடைத்தாளைத் திருத்த ஆசிரியர் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

குறுக்கு வழி உண்டு, கூட்டலும் உண்டு

எப்போதும் ஒன்றுக்கு வந்துதான் போக வேண்டும் என்றில்லை. நகைக்கடைக் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். ஒரு சவரன் 8 கிராம்.

சவரன்: 1, 3, __, 10
கிராம்: 8, __, 36, __

3 சவரன் 24 கிராம். 36 கிராமை 8-ஆல் வகுத்தால் நாலரை சவரன். 10 சவரன் 80 கிராம். இது வழக்கமான வழி. இப்போது 13 சவரனுக்கு எவ்வளவு என்று கேட்டால்? 13-ஐ 8-ஆல் பெருக்கலாம். அதைவிட, 3 சவரன் ஜோடியையும் 10 சவரன் ஜோடியையும் சேர்த்துவிடலாம்: 24 + 80 = 104. பெட்டியில் இருக்கும் மூன்று சவரன் சங்கிலியையும் பத்து சவரன் ஆரத்தையும் ஒரே தராசில் வைத்த மாதிரி.

"கூட்டக் கூடாதுன்னு சொன்னீங்களே அக்கா?" என்று அந்தப் பெண் இங்கே மடக்கினாள். நல்ல கேள்வி. இதற்குச் சரியான பதில் சொல்லாவிட்டால் பிள்ளைகள் கூட்டலையே விட்டு ஓடிவிடுவார்கள். நான் சொன்னது இது: ஒரு முழு ஜோடியோடு இன்னொரு முழு ஜோடியைச் சேர்க்கலாம். மூன்று சவரனைச் சேர்த்தால் அதன் 24 கிராமையும் சேர்க்கிறோம். அவள் முதலில் செய்தது வேறு. அரிசியில் 2 டம்ளரைக் கூட்டி, உளுந்திலும் 2 டம்ளரைக் கூட்டினாள். 2 டம்ளர் அரிசிக்கு உரிய உளுந்து அரை டம்ளர்தான். அந்த அரையைக் கூட்டியிருந்தால் 1 + 0.5 = 1.5 என்று சரியான விடையே வந்திருக்கும்.

அதே போல ஒரு ஜோடியை முழுதாகப் பெருக்கலாம், வகுக்கலாம். 4 டம்ளர் அரிசி 12 டம்ளர் ஆனது மூன்று மடங்கு, ஆகவே உளுந்தும் 1-லிருந்து 3. எண்களுக்குள் மடங்கு பளிச்சென்று தெரிந்தால் இந்த வழி வேகமாகப் போகும். தெரியாவிட்டால் ஒன்றுக்கு எவ்வளவு என்ற வழிக்கே திரும்பிவிடுங்கள், அது எங்கும் கைவிடாது.

வகுபடாத எண் வந்தால்

தெருவில் வேனில் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு வருவார்களே, "வெங்காயம் மூணு கிலோ நூறு ரூபா, மூணு கிலோ நூறு ரூபா" என்று. அதையே எடுத்துக்கொள்வோம். அதே வீதத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெங்காயம் (கிலோ): 3, 7.5, 12, __
விலை (ரூபாய்): 100, __, __, 50

ஒரு கிலோ எவ்வளவு? 100 ÷ 3 = 33.333 என்று போய்க்கொண்டே இருக்கும். பிள்ளைகள் இதை 33.33 என்று வெட்டிவிட்டு 12-ஆல் பெருக்குவார்கள், 399.96 என்று வரும். நாலு பைசாதானே என்று விடக் கூடாது. 12 கிலோ என்பது 3 கிலோவைப் போல நாலு மடங்கு. விலை அச்சாக 400 ரூபாய். இந்த மாதிரி இடத்தில் வகுத்தலை முடிக்காமல் 100/3 என்று பின்னமாகவே வைத்துக்கொண்டு, பெருக்கலை முதலில் செய்து, கடைசியில் வகுத்துவிடுங்கள். 7.5 கிலோவுக்கு 100 × 7.5 = 750, அதை 3-ஆல் வகுத்தால் 250 ரூபாய். 50 ரூபாய் என்பது 100-இல் பாதி, அதனால் கடைசிக் கட்டத்தில் ஒன்றரை கிலோ.

முதலில் பெருக்கு, கடைசியில் வகு என்ற இந்த வழி மிகவும் பழையது. ஆரியபடர் கி.பி. 499-இல் எழுதியதாகக் கொள்ளப்படும் ஆரியபடீயத்திலேயே இது இருக்கிறது. திரைராசிகம், அதாவது தெரிந்த மூன்று எண்களிலிருந்து நான்காவதைக் கண்டுபிடிப்பது. தெரிந்த அளவு பிரமாணம், அதற்குக் கிடைப்பது பலம், நமக்கு வேண்டிய அளவு இச்சை. பலத்தை இச்சையால் பெருக்கிப் பிரமாணத்தால் வகுத்தால் இச்சைக்குரிய பலம் வரும். நம் வெங்காயத்தில் பிரமாணம் 3 கிலோ, பலம் 100 ரூபாய், இச்சை ஏழரை கிலோ. வேண்டிய அளவுக்கு இச்சை என்று பெயர் வைத்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். காலிக் கட்டத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் அந்த எண்மேல் ஆசை வர வேண்டும் அல்லவா?

பள்ளியில் குறுக்குப் பெருக்கல் என்று சொல்லித்தருவதும் இதேதான். அது தவறில்லை, ஆனால் முதல் நாளிலேயே அதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. எந்த எண் எந்த எண்ணுக்குக் குறுக்கே என்பதிலேயே கவனம் போய், கையில் இருப்பது அரிசியா ரூபாயா என்பது மறந்துவிடுகிறது. ஒரு வாரம் ஓரலகு முறையில் பழகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லா அட்டவணையும் நேர் விகிதம் ஆகிவிடாது

வெங்காய வேனுக்கே திரும்புவோம். "ஒரு கிலோ மட்டும் போதும்பா" என்று கேட்டுப் பாருங்கள். "ஒரு கிலோன்னா நாப்பது ரூபாம்மா" என்பார். 1 கிலோ 40 ரூபாய், 3 கிலோ 100 ரூபாய். ஒரு கிலோவின் வீதம் முதலில் 40, அடுத்தது 33 சொச்சம். மாறிலி மாறிவிட்டது, ஆகவே இது நேர் விகிதம் இல்லை. கணக்குப் புத்தகத்தில் "அதே விலை வீதத்தில்" என்று ஒரு சொற்றொடர் வரும். பிள்ளைகள் அதை வாசிக்காமலே தாண்டிவிடுவார்கள். அந்தச் சொற்றொடர் இல்லையென்றால் அட்டவணையை நிரப்பவே நமக்கு உரிமை கிடையாது.

ஆட்டோ மீட்டர் இன்னும் நல்ல உதாரணம். 2013-இல் சென்னை ஆட்டோக்களுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். தூரத்தை மூன்று மடங்காக்கி 5.4 கிலோமீட்டர் போனால் கட்டணமும் மூன்று மடங்காக 75 ரூபாய் ஆக வேண்டும் இல்லையா? ஆகாது. கூடுதலான 3.6 கிலோமீட்டருக்கு 43 ரூபாய் 20 காசு, மொத்தம் 68 ரூபாய் 20 காசு. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததுமே, வண்டி ஒரு அடி நகரும் முன்னாலேயே, மீட்டரில் 25 நிற்கிறது. பூஜ்ஜியத்துக்குப் பூஜ்ஜியம் என்ற விதி அங்கேயே உடைந்துவிடுகிறது. ஒரு கணக்கு நேர் விகிதம்தானா என்று சந்தேகம் வந்தால் முதலில் நான் இதைத்தான் பார்ப்பேன்: ஒன்றுமே இல்லாதபோது என்ன ஆகும்?

அக்கா தம்பி வயதும் அப்படித்தான். அக்காவுக்குப் பத்து, தம்பிக்கு ஐந்து. அக்காவுக்கு இருபது ஆகும்போது தம்பிக்குப் பதினைந்து. இங்கே வித்தியாசம்தான் மாறாமல் நிற்கும், மடங்கு மாறிக்கொண்டே போகும். அந்தப் பெண் முதலில் பிடித்த "எல்லாத்துலயும் அதே வித்தியாசம்" என்ற விதி இந்த அட்டவணைக்குக் கச்சிதமாகப் பொருந்தும். அவளிடம் அதைச் சொன்னபோது முகம் மலர்ந்துவிட்டது. சதுரத்தைப் பாருங்கள்: பக்கம் 1, 2, 3 என்று கூடினால் சுற்றளவு 4, 8, 12, இது நேர் விகிதம். பரப்பளவு 1, 4, 9, இது இல்லை. ஆள் கூடினால் வேலை முடியும் நாள் குறைவது எதிர் விகிதம், அது வேறு பாடம்.

வரைபடத் தாளில் உளுந்தைக் கிடைமட்டமாகவும் அரிசியைச் செங்குத்தாகவும் வைத்து நம் நாலு ஜோடிகளையும் புள்ளியாகக் குறித்தால், எல்லாம் ஒரே நேர்கோட்டில், பூஜ்ஜியத்தில் தொடங்கும் கோட்டில் விழும். கோட்டை விட்டு விலகி நிற்கும் புள்ளி எதுவோ, அந்தக் கட்டத்தைத்தான் மறுபடி பார்க்க வேண்டும்.

நீங்களே நிரப்பிப் பாருங்கள்

நில விளம்பரத்தில் சதுர அடி என்று போடுவார்கள், ஊர்ப் பேச்சில் சென்ட் என்பார்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி.

சென்ட்: 1, 2.5, 10, __, __
சதுர அடி: 435.6, __, __, 2400, 43,560

முதலில் வாக்கியத்தை எழுதிக்கொள்ளுங்கள்: சதுர அடி எப்போதும் சென்ட்டைப் போல 435.6 மடங்கு. இரண்டரை சென்ட்டுக்கு 1089 சதுர அடி வர வேண்டும். பத்து சென்ட்டுக்குப் புள்ளியை ஒரு இடம் தள்ளினால் போதும், 4356. 2400 சதுர அடி என்பது சென்னைப் பக்கம் ஒரு கிரவுண்ட். வகுத்தால் ஏறக்குறைய ஐந்தரை சென்ட் வரும். கடைசிக் கட்டத்துக்கு வகுக்கவே வேண்டாம், பக்கத்தில் நிரப்பிய 4356-ஐப் பாருங்கள். அதைப் போலப் பத்து மடங்கு, ஆகவே 100 சென்ட். ஒரு ஏக்கர்.